இடது பக்கக் கிண்ணம்

ஹெட்ஃபோனின் வலது கிண்ணத்தைக் காதின் மேல் பொருத்தி, அதன் விளிம்பைச் சுற்றி ஒரு விரலை ஓட்டுகிறார். மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே முடி சிக்கியிருந்தால் அதை இழுத்து வெளியே விடுகிறார். ஒரே ஒரு முடி போதும், கனமான சத்தமெல்லாம் அதன் வழியாக ஒழுகிவிடும் என்பது அவர் கட்சி. பிறகு இடது கிண்ணத்தை, இந்த அக்கறை எதுவும் இல்லாமல், காதுக்குப் பின்னால் தள்ளிவிடுகிறார். அது போய்ப் பின்மண்டையில் ஒட்டிக்கொள்கிறது. மைக்கை வாயருகே இழுத்து, ஆட்டம் தொடங்கும் முன் எப்போதும் சொல்வதைச் சொல்கிறார்.

"இடதுல நான் இல்ல. பாத்துக்கோங்க."

தெருவில் அவருக்குச் சீட் அக்கா என்று பெயர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. காரோ, வேனோ, ஸ்கூட்டரோ, இருக்கை கிழிந்தால் இங்கே வரும். என் ஸ்கூட்டர் சீட்டும் அப்படித்தான் வந்தது. ரெக்சின் சுருள்கள் சுவரோரம் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. உறை உரித்த இருக்கைகள் கம்பியும் சுருள்வில்லுமாகத் தரையில் உட்கார்ந்திருக்கின்றன. உறையைக் கம்பியோடு சேர்த்து நெரிக்கும் சிறு வளையங்களை உதட்டில் கவ்விக்கொண்டேதான் வாடிக்கையாளரிடம் பேசுவார். அதனால் அவருடைய தொழில் பேச்சு "ம்", "ம்ஹூம்", "நாளைக்கு" என்பதற்குள் அடங்கிவிடும். "நாளைக்கு" என்பதை மட்டும் வளையங்களை வெளியே எடுத்துவிட்டுத் தெளிவாகச் சொல்வார். பொய்யைத் திருத்தமாகச் சொன்னால்தான் நம்புவார்கள்.

மாலையில் தையல் இயந்திரத்தை நிறுத்தி, பட்டறைக் கதவைப் பாதி இறக்கி, தலையில் ஒட்டியிருக்கும் ஃபோம் தூளைத் தட்டிவிட்டு நடு அறைக்குப் போகிறார். அங்கே அவருடைய ஆசனம் இருக்கிறது. விபத்தில் முன்பக்கம் நசுங்கிய ஏதோ விலை உயர்ந்த காரின் ஓட்டுநர் இருக்கை அது. அதைச் சக்கரக் காலில் ஏற்றி, தானே கருநீல உறை போட்டிருக்கிறார். அதில் சாய்ந்து கணினியை உயிர்ப்பித்தால் ஆட்டம். ஆள் இல்லாத ஒரு நகரம். மூன்று பேர் ஓர் அணி. அதேபோல் இன்னும் சில அணிகள் அதே நகரத்தில் பதுங்கித் திரியும். கண்ணுக்கு ஆள் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிய வேண்டும். தகரத்தில் மிதிக்கிறானா, மரப்படியில் இறங்குகிறானா, சரளையில் ஓடுகிறானா, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம். காதை நம்பி ஆடுகிற ஆட்டத்தில் ஒரு காதை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு ஆடுகிற ஒரே ஆள் இவராகத்தான் இருப்பார்.

அந்த ஹெட்ஃபோன் அவர் வீட்டுக்கு வந்த வழி தனி. ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றின் சுவர்களுக்கு மெத்தைப் பலகைகள் தைத்துத் தரச் சொல்லி ஆள் வந்தது. தைத்துப் பொருத்தி முடித்த அன்று, எதிரொலி அடங்கியிருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள் என்று கூடத்து உரிமையாளர் இதை அவர் தலையில் மாட்டினாராம். வாதுமை மரத்தில் குடைந்த இரண்டு கிண்ணங்கள், பின்பக்கம் இடுக்கில்லாமல் மூடியவை. உச்சந்தலைக்கு மேலே எஃகுப் பட்டை. துணி சுற்றிய தடித்த வயர். மாட்டியதும் தெரு, மின்விசிறி, உரிமையாளரின் பேச்சு எல்லாம் ஒரே அடியாக நின்றுபோயின. "ஒரு நிமிஷம் எனக்கு வேலையே இல்லாத மாதிரி இருந்துச்சு" என்கிறார் சீட் அக்கா. கூலியை விட்டுவிட்டு இதையே கேட்டு வாங்கி வந்துவிட்டார்.

அவர் ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டு ஆடுவதைக் கேள்விப்பட்ட கூடத்து உரிமையாளர் பிறகு ஒருமுறை வீடு தேடி வந்தார். பின்பக்கம் வலை போட்ட வகை ஒன்று உண்டு. வீட்டுச் சத்தமும் உள்ளே வரும், ஆட்டமும் கேட்கும். உங்களுக்கு அதுதான் பொருத்தம், மாற்றித் தருகிறேன் என்றார். மரியாதையான யோசனைதான். இவர் அதை ஏற்கவில்லை.

"அது ஒருக்களிச்ச கதவு மாதிரி சார். உள்ளயும் முழுசா இருக்க முடியாது, வெளியயும் முழுசா இருக்க முடியாது. இது அப்படி இல்ல. ஒரு கதவ சாத்தியாச்சு, ஒரு கதவ தெறந்து வெச்சாச்சு."

காது மெத்தைகள் உரிந்தபோது கடையில் தேடவில்லை, தானே தைத்தார். அதில் ஒரு தவறும் நடந்தது. வெயில் காலத்தில் ஓட்டுநர்கள் துளை போட்ட ரெக்சினைத்தான் விரும்புவார்கள், முதுகு வியர்க்காது. அந்த ஞாபகத்தில் காதுக்கும் துளை போட்டதையே வெட்டித் தைத்துவிட்டார். தையல் பிரமாதம், காதுக்குக் காற்றோட்டமும் பிரமாதம். ஆனால் ஆட்டத்தில் மாடிப்படி இறங்குகிற தடியனெல்லாம் பூனை மாதிரி இறங்கத் தொடங்கினான். கனத்த சத்தங்கள் துளை வழியாகப் போய்விட்டன என்று புரிவதற்குள் அணி பல முறை செத்தது. பிரித்துப் போட்டுத் துளையில்லாத ரெக்சினில், அழுத்தினால் மெல்ல மெல்ல மேலெழும் ஃபோமை வைத்து மறுபடி தைத்தார். வலது மெத்தை அதற்கப்புறமும் இரண்டு தடவை நைந்து இரண்டு தடவை மாறிவிட்டது. இடது மெத்தை தைத்த அன்று இருந்தபடியே, பொம்மென்று, ஒரு சுருக்கம்கூட விழாமல் இருக்கிறது.

அணியில் மற்ற இருவரை அவர் பார்த்ததே இல்லை. ஒருவன் பெயர் தாத்தா. இருபத்தைந்து வயதைத் தாண்டாதவன், குரல் மட்டும் கரகரப்பு. இன்னொருவர் டீச்சர். உண்மையாகவே ஏதோ பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். ஆட்டத்திலும் வரிசையாக நில் என்பது போலத்தான் பேசுவார். இருவரும் சேர்ந்து இவருக்கு வைத்த பெயர் ஒத்தக்காது. ஏன் ஒற்றைக் காது என்று அவர்கள் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. பின்மண்டையில் ஒட்டியிருக்கும் இடது கிண்ணத்திலிருந்து அவர்கள் குரல் மெல்லியதாக அறைக்குள் கசிந்துகொண்டே இருக்கும்.

"ஒத்தக்காதக்கா, இடதுல ஒருத்தன் வந்து நின்னு உங்களுக்குத் தலையே சீவி விட்டுட்டான், இன்னும் திரும்பாம இருக்கீங்க" என்று தாத்தா ஒருநாள் சொன்னான்.

"அதுக்குத்தானே உன்னை இடதுல நிக்க வெச்சேன். நீ எங்க போன?"

"நான் செத்துப் பத்து நிமிஷம் ஆச்சுக்கா."

இந்தக் குறையோடு ஆடுவதற்கு அவர் ஒரு முறை வகுத்திருக்கிறார். எங்கே போனாலும் இடது பக்கம் ஒரு சுவர் இருக்கும்படி போவார். தெருவின் நடுவில் அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை. சுவர் முடிந்தால் வேலி, வேலி முடிந்தால் நின்றுபோன பேருந்து. இரு பக்கச் சத்தத்தையும் ஒன்றாக்கி ஒரே காதுக்கு அனுப்பும் வசதி ஆட்டத்தில் உண்டு. அதையும் பார்த்துவிட்டார். எல்லாச் சாமானையும் ஒரே மூட்டையில் கட்டித் தலையில் வைத்தது போல இருக்கிறது, எது எங்கே என்று தெரியவில்லை என்று விட்டுவிட்டார். "சுவத்தப் புருஷன் மாதிரி இடது பக்கம் வெச்சுக்கணும். ஒண்ணும் பேசாது, ஆனா அந்தப் பக்கத்துலேர்ந்து யாரும் வர மாட்டாங்க" என்பார். குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கும் அவர் கணவர், ஓய்வு நாளில் இதைக் கேட்டுக்கொண்டே அதே அறையில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

அந்த இடது காது அவர்களுடைய ஒரே மகளுக்காகத் திறந்திருக்கிறது.

மகள் சிறுமியாக இருந்தபோது வலிப்பு வந்தது. முதல் தடவை வந்தபோது இவர் பட்டறையில் ஒரு வேனுக்கு நீள இருக்கை தைத்துக்கொண்டிருந்தார். இயந்திரத்தின் இரைச்சல். சீட்டை எடுத்துப் போக வந்தவர்தான், உள்ளே குழந்தை விழுந்து கிடக்கிறதே என்றார். எவ்வளவு நேரமாகக் கிடந்தாள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதற்கடுத்த தடவைகளில் கூடவே இருந்து ஒன்றைத் தெரிந்துகொண்டார். விழுவதற்கு முன்னால் மகளின் தொண்டையில் ஒரு சத்தம் வரும், தண்ணீர் புரையேறுவதற்கு முன் வருவது போன்ற சின்னச் சத்தம். அன்றிலிருந்து அந்தச் சத்தத்துக்காகவே ஒரு காது. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த கதவைக் கழற்றிவிட்டார். இயந்திரத்தை ஓட்டினாலும் மூன்று நான்கு தையலுக்கு ஒருமுறை நிறுத்திக் கேட்டுவிட்டுத்தான் ஓட்டுவார். அவர் தைத்த இருக்கைகளை உற்றுப் பார்த்தால் தையல் நெடுகச் சின்னச் சின்ன நிறுத்தங்கள் தெரியும்.

ஆட்டமும் அவளிடமிருந்து வந்ததுதான். சிறுமியாக அதை ஆடிக்கொண்டிருந்தவளுக்கு, பளிச்சிடும் வெளிச்சம் ஆகாது என்று டாக்டர் திரையைத் தடுத்துவிட்டார். அவள் அழுத அழுகையைத் தாங்காமல் அம்மா உட்கார்ந்து ஆடினார். மகள் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வாள். அம்மா ஆடிக்கொண்டே சொல்வார்: இதோ ஒரு கிணறு, இதோ உடைந்த ஜன்னல், ஐயையோ ஒருத்தன் வர்றான், ஓடுறேன். அம்மாவுக்கு எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாது. மகள் திரும்பிப் பார்க்காமலேயே சொல்லிக்கொடுத்தாள். சில வருடங்களில் மகளுக்கு ஆட்டம் சலித்துப்போனது. அம்மாவுக்குச் சலிக்கவில்லை. "எனக்குக் கெட்ட பழக்கம் விட்டுப்போச்சு, அம்மாவுக்குத் தொத்திக்கிச்சு" என்று மகள் சொல்வாள்.

இப்போது அவள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். வலிப்பு வந்து பல வருடங்களாகின்றன. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நிறுத்தி, நிறுத்திய பிறகும் ஒன்றும் வராமல் பார்த்து, இனி எதற்கும் தடையில்லை, நேரத்துக்குத் தூங்கினால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னது டாக்டரோடு. வீட்டில் அவள் குளியலறைத் தாழ்ப்பாளைப் போடக் கூடாது. முக்காலியில் ஏறிப் பரணைத் தொடக் கூடாது.

போன மாதம் அவளுக்கு வேறு ஊரில் இடம் கிடைத்தது. செயற்கைப் பல் செய்யும் படிப்பு. விடுதியில் தங்க வேண்டும். சீட் அக்காவுக்குப் பெருமை இல்லாமல் இல்லை. நான் உட்காரத் தைக்கிறேன், இவள் கடிக்கத் தைக்கப் போகிறாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆனால் போகலாமா என்று மகள் கேட்டபோது, உதட்டில் ஒரு வளையமும் இல்லாத நேரத்தில், "நாளைக்குச் சொல்றேன்" என்றார். மகளுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும். அப்பாவிடம் போனாள். உன் அம்மா சரியென்றால் எனக்கும் சரி என்று அவர் சுவர் மாதிரி நின்றுவிட்டார்.

நாளைக்கு நாளைக்கு என்று சேரவேண்டிய கடைசித் தேதி நெருங்கியது. ஒரு மாலை அம்மா மேசையில் ரெக்சினை விரித்துச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது மகள் எதிரே வந்து நின்றாள்.

"அம்மா, ஞாயித்துக்கிழம நீ ஒரு மேட்ச் ஆடு. ரெண்டு காதையும் மூடிக்கிட்டு. முழுசா."

"எதுக்குடி?"

"ஒரு மேட்ச் என்னைக் கேக்காம இருக்க முடியலன்னா, ரெண்டு வருஷம் எப்படி இருப்ப? நான் போனாலும் நீ தினம் செத்துப் பொழைப்ப. அப்புறம் நானே திரும்பி வந்துடுவேன்."

அம்மா கோட்டைப் போட்டு முடித்தார். கோணலாக வந்திருந்தது. துணியால் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். பயமா இருக்குடி என்று கோட்டைப் பார்த்தே சொன்னார்.

"பயப்படாதன்னு நான் சொல்லலையேம்மா. பயந்துக்கிட்டே அனுப்பு."

என் ஸ்கூட்டர் சீட்டுக்கான "நாளைக்கு" பல நாள் நகர்ந்து அந்த ஞாயிறு பிற்பகலில் வந்து நின்றது. கடைசிப் பக்கத் தையல் பாக்கி, ஒரு மேட்ச் நேரம் உட்காருங்கள் என்றார்கள். கதவு கழற்றிய நிலை வழியாக நடு அறை முழுவதும் தெரிந்தது. கணவருக்கு அன்று கிடங்கில் வேலை. மகள் வெட்டி மிஞ்சிய ஃபோம் துண்டுகளை ஒரு கூடையில் கொண்டுவந்து உள்ளறை நிலைப்படி ஓரம் வைத்தாள். அம்மாவை இன்று கூப்பிட்டால் கேட்காது, ஏதாவது தேவையென்றால் இதில் ஒன்றை எடுத்து முதுகில் எறிய வேண்டும் என்று எனக்கும் சேர்த்து விளக்கினாள். பிறகு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

சீட் அக்கா வலது கிண்ணத்தை வழக்கம்போலப் பொருத்தினார், விரலை ஓட்டினார், முடியை எடுத்தார். இடது கிண்ணம் புது மெத்தையின் விறைப்போடு காதில் உட்கார மறுத்தது. இரண்டு தடவை தூக்கி வைத்தார். உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். கையை எடுத்தார்.

அறைக்குள் வழக்கமாகக் கசியும் தாத்தாவின் குரலும் டீச்சரின் குரலும் அன்று வரவில்லை. மூடிய கிண்ணங்களிலிருந்து ஒரு துளிகூட வெளியே சிந்தவில்லை. அவர் பேசுவது மட்டும், தொலைபேசியில் ஒரு பக்கத்தைக் கேட்பது போல, கேட்டது.

"இன்னிக்கு இடதுலயும் நான் இருக்கேன்." சற்று இடைவெளி. "ஒண்ணும் ஆகல டீச்சர். இருக்கேன்னு சொன்னேன். ஆமா."

முதலில் தடுமாறினார். இடது பக்கத்திலிருந்து எது வந்தாலும் உடம்பு குலுங்கியது. ஒரு புறா இறக்கையடித்ததற்குப் பாதித் தோட்டாவைச் செலவழித்தார். தாத்தா ஏதோ கேலி செய்திருக்க வேண்டும், "சிரிக்காதடா, எனக்கு இந்தப் பக்கம் இன்னிக்குத்தான் பொறந்திருக்கு" என்றார். பழக்கத்தில் சுவரோரமே போய்க்கொண்டிருந்த உருவம் ஓரிடத்தில் நின்றது. தயங்கியது. பிறகு திரையில் அது சுவரை விட்டு விலகி, தெருவின் நடுவுக்கு வந்து நடக்க ஆரம்பித்தது.

கொஞ்ச தூரத்தில் மறுபடியும் நின்றது.

"தாத்தா, இங்க ஆறு ஓடுதா?" பதிலைக் கேட்டுக்கொண்டார். "எப்பவுமேவா? நான் இந்தப் பக்கமா எத்தன வாட்டி போயிருக்கேன்." மறுபடி கேட்டுக்கொண்டார். பிறகு, யாரிடமென்றில்லாமல், "நல்லாருக்கு" என்றார்.

ஆட்டம் இறுகியது. நகரத்தில் இரண்டே அணிகள்தாம் மிச்சம் என்று திரை காட்டியது. அவர் குரல் சுருங்கி, இடதுல மரப்படி, ஒருத்தன்தான், நீங்க வலதப் பாருங்க என்று சொன்ன நேரத்தில் உள்ளறையில் பெரிய சத்தம். கனமான ஏதோ உயரத்திலிருந்து தரையில் விழுந்த சத்தம். என் காலடியில் தரை அதிர்ந்தது. அவருக்குக் காது மூடியிருந்தாலும் கால் மூடியிருக்கவில்லை. வருடக்கணக்காக மிதியை மிதித்துத் தைத்த வெறுங்கால், தரை சொன்னதைக் கேட்டுவிட்டது. முதுகு நிமிர்ந்தது. இடது கை விசைப்பலகையை விட்டுக் கிளம்பி நேரே இடது கிண்ணத்துக்குப் போனது.

நான் எழுந்துவிட்டேன். அதற்குள் உள்ளறை வாசலில் மகள் வந்து நின்றாள். தலையெல்லாம் ஒட்டடை. ஒரு கையில் பரணிலிருந்து விழுந்த பழைய பயணப் பெட்டி, கைப்பிடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. அம்மாவின் முதுகையும் கிண்ணத்தில் நின்ற கையையும் பார்த்தாள். குனிந்து கூடையிலிருந்து ஒரு ஃபோம் துண்டை எடுத்தாள். எறிவதற்குக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தத் துண்டைச் சத்தமில்லாமல் கூடையிலேயே திரும்ப வைத்துவிட்டு, வாசல் சட்டத்தில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

சீட் அக்கா திரும்பவில்லை. மரக்கிண்ணத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. திரையில் அவருடைய உருவம் அசையாமல் நின்றது. தாத்தாவும் டீச்சரும் அழைத்திருக்க வேண்டும். "இருக்கேன்" என்றார். "இடதுல இருக்கேன்."

விரல்கள் தளர்ந்தன. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு விரல் மெதுவாக ஓடியது. காதுக்குக் கீழே, மெத்தைக்கு அடியில் சிக்கியிருந்த ஒற்றை முடியைக் கண்டுபிடித்து, இழுத்து, வெளியே விட்டது.